வெள்ளைப் பொய்க்கு ஓர் எடுத்துக்காட்டு

அண்ணன் முதலில் கேட்டது 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. கப்பலில் சாப்பாட்டு மேசையில் கேப்டன் அதைச் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அண்ணன் ஒரு நொடி கழித்துச் சிரித்தானாம்.

"அந்த ஒரு நொடிதாம்ளா கஷ்டமா இருக்கு," என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அந்த ஆளு ஸ்காட்லாந்துக்காரரு. வாயத் தொறந்தா ஒரு கலர் வருது. நீதான் இங்கிலீஷ்ல பெரிய ஆளாச்சே. அர்த்தம் எழுதி அனுப்பு."

நான் இங்கிலீஷில் பெரிய ஆள் இல்லை. வாசிப்பேன், எழுதுவேன். பேசச் சொன்னால் நழுவிவிடுவேன். தமிழிலும் ஏறக்குறைய அப்படித்தான். படித்தது வேதியியல். முத்தையாபுரம் பக்கம் உப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். உப்போடு பேச வேண்டியதில்லை.

அண்ணன் பெயர் கிளைட்டன். பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிச் சீனாவில் இறக்கும் கப்பலில் தேர்ட் மேட், அதாவது மூன்றாம் நிலை அதிகாரி. கிறிஸ்துமஸுக்குத்தான் இறங்கி வருவான்.

நான் இப்படி எழுதி அனுப்பினேன்: "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன். மிக அபூர்வமாக. எடுத்துக்காட்டு: அப்பா ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்தான் செருப்புப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார்."

அப்பா உண்மையிலேயே அப்படித்தான். கற்பனையாக ஒரு வாக்கியம் எழுத எனக்கு வராது. கண்ணால் பார்க்காத அளவைக் குறிக்கக் கூடாது என்று லேபில் பழகிய கை. அதனால் அண்ணனுக்கு அனுப்பும் எடுத்துக்காட்டு எல்லாம் வீட்டில் நடந்ததாகவே இருந்தது.

'காட் ரெட் ஹேண்டட்', கையும் களவுமாகப் பிடிபடுவது. சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அம்மா மக்ரூன் பொட்டலத்தோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். 'ரெட் டேப்', ஆபீஸ் ஆபீஸாக அலைய வைப்பது. அப்பா ஆதார் கார்டில் ரோச் என்ற தன் பெயரைத் திருத்தப் போய், வேறு மாதிரித் தப்பாக வாங்கி வந்தார். 'கிரீன் வித் என்வி' என்பதற்கு 'வயிறு எரிவது' என்று எழுதினேன். நமக்குப் பொறாமை வயிற்றில் இருக்கிறது, அவர்களுக்கு நிறத்தில் இருக்கிறது.

இப்படி யோசிப்பது எனக்குப் பிடித்துப் போனது. அவர்கள் கிரீன் லைட் கொடுக்கிறார்கள், நாம் பச்சைக்கொடி காட்டுகிறோம். அது ஒன்றுதான். ஆனால் 'ஃபீலிங் ப்ளூ' என்பதற்கு நம்மிடம் நிறம் இல்லை. வருத்தம் வந்தால் முகம் கறுக்கும். அதுவும் அடுத்தவர் பார்த்துச் சொல்வதுதான். வருத்தப்படுகிறவர் தனக்கென்று ஒரு நிறம் சொல்லிக்கொள்வதில்லை.

"அர்த்தத்தை விட எக்ஸாம்பிள்தான் நல்லா இருக்கு," என்றான் அண்ணன். "வீட்டுல ஒரு மூலையில உக்காந்திருக்க மாதிரி இருக்கு. நிறுத்திராத."

மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜெமிமாவின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜெமிமா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளை அண்ணனுக்குப் பேசி முடித்து வைத்திருந்தார்கள். அவன் இறங்கி வந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பொங்கல் முடிந்து கல்யாணம் என்று ஏற்பாடு.

ஜெமிமாவின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காப்பியைத் தொடவில்லை.

"புள்ளைக்கு மனசில்லைன்னு சொல்லுதா," என்றார். "மெட்ராஸ்ல வேலையும் கெடச்சிருக்கு. நான் கப்பலுக்குப் போயிப் போயி, அவ அம்மா காத்துக் கெடந்ததப் பாத்தே வளந்தவ. எனக்கு அது வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கா. தம்பி மேல ஒரு குறையும் சொல்லல."

அப்பா கூரையைப் பார்த்தார்.

எழுந்து போகும்போது ஜெமிமாவின் அப்பாவே சொன்னார். "தம்பி எறங்குற வரைக்கும் இது அவன் காதுக்குப் போக வேண்டாம்."

"அத நீங்க சொல்லணுமா?" என்றாள் அம்மா.

எங்கள் தெருவில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி போகாது. காய்ச்சல் போகாது, சாவு போகாது, சண்டை போகாது. பக்கத்து வீட்டுத் தனராஜ் மாமா ஒருமுறை கப்பலில் இருந்து வரும்போது தன் அப்பாவுக்குக் கைக்கடிகாரம் வாங்கி வந்தார். வாசலில் காரை விட்டு இறங்கியதும் முன்னறையில் மாலை போட்ட படம் தெரிந்தது. முப்பதாம் நாள் பூசைகூட முடிந்திருந்தது. தெருவில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அந்தக் கடிகாரத்தை இப்போது அவரே கட்டியிருக்கிறார்.

அன்று மதியம் சாப்பிடும்போது அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அங்கன இருந்துக்கிட்டு அவன் என்ன செய்வான்? நாலு பக்கமும் தண்ணி. வாட்ச் நேரத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு அந்தத் தண்ணியவே பாத்துக்கிட்டு நிப்பான். எம்புள்ள அப்படி நிக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வாரான்ல, வந்து சோறு தின்னுட்டு உக்காரட்டும். அப்புறம் சொல்லுவோம். ஏளா அனிஷா, கேக்குதா?"

"கேக்குதும்மா."

அம்மா சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரவு வாட்ச்சில், அதாவது காவலில், தனியாக நிற்பவன் அண்ணன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் பேசுவான். அந்த வாரம் அம்மா பேசினாள். திருவிழாக் கூட்டம், மீன் விலை, மழை இல்லாதது எல்லாம் சொன்னாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு இது பழக்கம். அவளுடைய தம்பிகள் மூன்று பேரும் கப்பலுக்குப் போனவர்கள்.

"அப்பாட்ட குடுங்க," என்றான்.

அப்பா இரண்டு கையையும் ஆட்டினார். வெளியே போய்விட்டார்.

"கடற்கரைக்குப் போயிட்டாருப்பா," என்றாள் அம்மா.

பிறகு அப்பா என்னிடம் சொன்னார். "எனக்கு வராதும்மா. வாயத் தொறந்தா அவன் கண்டுபிடிச்சிருவான். போன் வரும்போது நான் இல்லன்னே சொல்லிரு."

அடுத்த ஞாயிறும் அப்பா கடற்கரையில் இருந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும்.

நான் எழுதுவதும் கெட்டுப் போயிற்று. 'ப்ளாக் ஷீப்', குடும்பத்தில் தறுதலை. எங்கள் குடும்பத்தில் யாருமில்லை, எழுத வேண்டியதில்லை. 'டிக்ல்ட் பிங்க்', ரொம்பச் சந்தோஷம். இதற்கு என்ன எழுதுவது? வீட்டில் சந்தோஷமாக இருப்பவர் ஒருவருமில்லை. கடைசியில், "எங்கள் லேபுக்குப் புதுத் தராசு வந்ததில் வேல்ராஜ் அண்ணாச்சிக்கு டிக்ல்ட் பிங்க்" என்று எழுதினேன். அது உண்மைதான். ஆனால் வீட்டு எடுத்துக்காட்டு இல்லை. அதற்கடுத்த நான்கும் லேபைப் பற்றியே இருந்தன.

"உங்க அண்ணாச்சிய எனக்கு எதுக்கு?" என்று எழுதியிருந்தான் அண்ணன். "நம்ம வீடு எங்க போச்சு?"

அந்த வாரம் ஜெமிமாவைப் பார்த்தேன். வேலை முடிந்து பஸ் ஏற நின்றிருந்தேன். அவள் வருவதைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போகப் பார்த்தேன். என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தும் பாக்காத மாதிரிப் போற."

"பஸ் வந்திரும்."

"வரட்டும். அதுக்குப் பின்னால இன்னொண்ணு வரும்."

அவள் மெலிந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நான் அவள் செருப்பைப் பார்த்தேன்.

"'கிரீன் வித் என்வி' எனக்கும் வந்துச்சு," என்றாள். "செகண்ட் மேட் எறங்கி ஊருக்குப் போறானாம், உங்க அண்ணனுக்கு வயிறு எரியுதாம். 'வயிறு எரிவது'ன்னு உன்னையத் தவிர யாரு எழுதுவா? நீ அனுப்புறதெல்லாம் எக்ஸாம்பிள மட்டும் மாத்திட்டு எனக்கு வந்திருதுளா."

எனக்குத் தெரியாது. முகம் சூடானது.

"இப்பவும் வருதா?"

"வராம? உங்கம்மா எங்க வீட்டுக்கு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. எம்மவன் எறங்குற வரைக்கும் எப்பவும் போல பேசும்மான்னு. நான் என்ன சொல்ல? சரின்னுட்டேன். வேண்டாம்னு சொன்னதுக்கு எனக்குக் கூச்சம் இல்ல அனிஷா. தெனமும் ஹார்ட் போடுதேன் பாரு, அதுக்குத்தான் கூசுது."

"நீயே சொல்லிரு."

"நான் சொன்னா உங்கம்மா சாகுற வரைக்கும் என் முகத்துல முழிக்க மாட்டாங்க. நீ சொன்னா ஒரு வாரம் பேச மாட்டாங்க. சயின்ஸ் படிச்சவதான? கணக்குப் போட்டுப் பாரு."

பஸ் வந்தது. அவளே கையைத் தட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டாள்.

நான் கணக்குப் போடவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு எப்போதும் சுலபம்.

மூன்றாவது ஞாயிறு கழிந்து மறுநாள், லேபில் இருக்கும்போது அண்ணனின் மெசேஜ் வந்தது. இந்த முறை எழுதியிருந்தான்.

"கேப்டன் நேத்து 'ஒயிட் லை'ன்னு ஒண்ணு சொன்னாரு. அர்த்தம் எனக்கே தெரியும். எக்ஸாம்பிள் மட்டும் அனுப்பு. வீட்டுல இருந்து."

அதற்குக் கீழே இன்னொன்று.

"அப்பாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கையில இன்னிக்கு பேப்பர் இருக்கணும்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். போனை மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். உப்பில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. குடுவையில் மஞ்சள் கரைசல் இருக்கும். மேலே கண்ணாடிக் குழாயில் இருந்து சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு செங்கல் நிறம் எட்டிப் பார்த்து மறையும். அது மறையாமல் நின்ற இடத்தில் குழாயை மூட வேண்டும்.

குடுவையை ஆட்டிக்கொண்டே யோசித்தேன். வெள்ளைப் பொய் என்று நம்மிடம் ஒன்று இல்லை. பச்சைப் பொய் இருக்கிறது. அது கூசாமல் சொல்வது. நல்லதுக்காகச் சொல்லும் பொய்க்கு நாம் நிறமே வைக்கவில்லை. அதைப் பொய் என்றே நாம் எண்ணாததால் இருக்கலாம். தனராஜ் மாமா வீட்டில் அத்தனை வாரம் போனில் பேசிய எவரும், பொய் சொன்னோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அப்பா எங்கே என்று மாமா கேட்டிருப்பார். தூங்குகிறார், கடற்கரைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள்.

கடற்கரைக்குப் போயிருக்கிறார்.

கை நின்றுவிட்டது. குழாயை மூடவில்லை.

அண்ணனும் அதே தெருவில்தான் வளர்ந்தான். அந்தக் கடிகாரத்தை அவனும் பார்த்திருக்கிறான். மூன்று வாரம் அப்பாவின் குரல் இல்லை. வீட்டில் இருந்து எடுத்துக்காட்டு இல்லை. அம்மா மீன் விலை சொல்கிறாள்.

"என்ன பாப்பா," என்று பின்னால் குரல் கேட்டது. வேல்ராஜ் அண்ணாச்சி குடுவையை எட்டிப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணச் சொன்னா கறிக்குழம்பு வச்சிருக்க?"

குடுவை முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது.

"கொட்டிட்டுத் திரும்பப் போடுதேன் அண்ணாச்சி. இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் போகணும்."

நான் எதையும் கேட்டுப் பழகாதவள் என்பதால் அவர் உடனே சரி என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கிக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனேன். கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளத்தின் நிழலில் அப்பா உட்கார்ந்திருந்தார். போனை அவர் கையில் கொடுத்தேன். எட்டப் பிடித்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இவன் என்னைய செத்துட்டேன்னு நெனச்சிருக்கானா?"

"ஆமாப்பா."

"எத்தன நாளா?"

"தெரியல. கேக்க மாட்டாம இருந்திருக்கான்."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். தூரத்தில் துறைமுகத்துப் பளுதூக்கிகள் தெரிந்தன. ஒன்று மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

"நான் சொல்லப் போறேன்ப்பா," என்றேன். "ஜெமிமா விசயத்த."

"அம்மாட்ட கேட்டியா?"

"இல்ல."

"கேட்டா விட மாட்டா." பேப்பரை விரித்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். "எடு. அவட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

படத்தில் அப்பா சிரிக்கவில்லை. பேப்பர் தலைகீழாக இல்லையா என்று பார்த்துக்கொண்டேன். தேதி தெரிந்தது. மணலில் பாதம் தெரிந்தது.

அம்மா சொன்ன தண்ணீர் எனக்கு மறக்கவில்லை. அதனால் முதலில் கேட்டேன். "இப்போது வாட்ச்சா? கூட யார் இருக்கிறார்கள்?"

பதில் உடனே வந்தது. போனைக் கையில் பிடித்தபடியே இருந்திருப்பான். "வாட்ச் இல்ல. மெஸ்ல இருக்கேன். எல்லாரும் இருக்காங்க. சொல்லு."

படத்தை அனுப்பினேன். பிறகு எழுதினேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் இப்படி வந்தது.

"ஒயிட் லை. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் பொய். எடுத்துக்காட்டு: ஜெமிமாவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் அப்பாவும் அம்மாவும் வந்து சொன்னார்கள். கப்பல்காரருக்குக் காத்திருக்கும் வாழ்க்கை வேண்டாமாம். உன்மேல் ஒரு குறையும் இல்லையாம். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் போன் வரும்போதெல்லாம் எழுந்து போனார். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதுதான் ஒயிட் லை."

அனுப்பிய பிறகு போனை மணலில் கவிழ்த்து வைத்தேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தது. அப்பாதான் எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே," என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

"செருப்புப் போடல," என்றான் அண்ணன். "போட்டோவுல செருப்புப் போடல. அப்பதான் நம்புனேன்."

"செருப்புப் போட்டா நான் நடக்க முடியாதுல."

"அவ்வளவுதானாப்பா? வேற ஒண்ணும் இல்லியே? அம்மா?"

"அம்மா வீட்டுல இருக்கா. உன் தங்கச்சி பக்கத்துல இருக்கா. அவ்வளவுதாம்ல."

"நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். அவ்வளவுதானா."

பிறகு போனுக்குள் தட்டுகளின் சத்தம்தான் கேட்டது. யாரோ ஏதோ மொழியில் சிரித்தார்கள். முதலில் வந்த நிம்மதி தீர்ந்து, ஜெமிமாவின் செய்தி அவனிடம் வந்து சேரும் நேரம் அது. அப்பா போனை முகத்துக்கு நேரே பிடித்தபடியே இருந்தார்.

"சரிப்பா," என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அவள யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பேசிக்கிடுதேன்."

"சொல்ல மாட்டோம்."

"நாளைக்கும் பேசுவேன். நீங்க எடுக்கணும்."

"எடுக்கேன்."

'சீ ரெட்' என்றால் கோபத்தில் கண் தெரியாமல் போவது. அதற்கான எடுத்துக்காட்டு அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்தது. ஆனால் அம்மா கத்தவில்லை. அப்பா சொல்லி முடித்ததும் என்னிடம், "அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா பேப்பர் பிடித்த படத்தையும் அண்ணன் எழுதியதையும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான்.

ஜெமிமாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "அவர் பேசினார். அழுதேன். திட்டவில்லை. மெட்ராஸ் போகும்முன் உன்னைப் பார்க்க வருவேன்." நான் என்ன எழுதுவது என்று யோசித்து, "வா" என்று மட்டும் எழுதினேன்.

அண்ணன் தினமும் அப்பாவிடம் பேசினான். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அப்பாவுக்குப் பேச ஒன்றும் இருக்காது. காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார். அவனும் அங்கே காற்று எந்தப் பக்கம் என்று சொல்வான். எனக்கு மட்டும் அவன் எதுவும் அனுப்பவில்லை. கேப்டன் நிறம் சொல்லிப் பேசுவதை நிறுத்தியிருக்க மாட்டார்.

நானே எழுதினேன். அதுவரை அவன் கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

"ஃபீலிங் ப்ளூ. மனம் சரியில்லாமல் இருப்பது. எடுத்துக்காட்டு நீதான் எழுத வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும்."

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வந்தது. இங்கிலீஷில் இரண்டே வரி. நான் வாசலில் நின்று வாசிப்பதை அம்மா உள்ளே இருந்து பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன எழுதியிருக்கான்?"

அம்மா என்னிடம் மறுபடி பேசியது அன்றுதான்.

"தேர்ட் மேட்டுக்கு ஃபீலிங் ப்ளூன்னு எழுதியிருக்கான். ஆனா சாப்பிடுதானாம்."

இரண்டாவது வரியை மட்டும் சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது.

"மொதல்ல சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

"மனசு சரியில்லன்னு அர்த்தம்மா."

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் மீன்காரப் பெண் குரல் கொடுத்துக்கொண்டு போனாள். அம்மா அவளைக் கூப்பிடவில்லை.

"இருக்கத்தான செய்யும்," என்றாள். பிறகு போனை எட்டிப் பார்த்தாள். "என்ன சாப்பிட்டானாம்? அதக் கேளு."